பாட்டியிடம் வளரும் பிள்ளையை எப்போது அழைத்து வருவது?

நொய்யல்கரை (திருப்பூர்)
மார்ச் 9, இரவு 10.20

அனைவருக்கும் வணக்கம். இங்கே நடக்கும் விவாதங்களை ஓராண்டாகப் படித்து வருகிறேனே தவிர, இதுவரை எழுதியதில்லை. வீட்டில் கேட்டால் அழுகையில் முடிகிறது என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். இருவருக்கும் பெரும்பாலான நாள்களில் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவோம். பையனுக்கு ஒன்றேகால் வயதானபோது, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவிடம் விட்டோம். ஆறு மாதத்துக்கு என்று விட்டது மூன்று ஆண்டுகளாகிவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு, தீபாவளி, பொங்கல், ஆர்டர் இல்லாத நாள்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இந்தப் பொங்கலுக்குப் போனபோது, வாசலில் என்னைக் கண்டதும் பையன் பக்கத்து வீட்டுச் சிறுவனிடம், "எங்க திருப்பூர் அம்மா வந்திருக்காங்க" என்றான். அம்மாயியை, அதாவது என் அம்மாவை, அவன் வெறுமனே "அம்மா" என்றுதான் அழைக்கிறான். அன்று மாலை களத்தில் ஓடும்போது விழுந்து முழங்கால் சிராய்த்துக்கொண்டான். நான் இரண்டு அடி தூரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு ஓடி, முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்த என் அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஜூனில் பள்ளியில் சேர்க்க வேண்டும். இப்போதே இங்கே அழைத்து வந்து, நாங்கள் மூவர் மட்டும் இருக்கும் லைன் வீட்டில் வளர்ப்பதா, அல்லது ஒன்றாம் வகுப்பு வரையாவது அங்கேயே, மாமன், சித்தி, தெரு, தோட்டம் எல்லாம் இருக்கும் இடத்தில் விடுவதா என்பதுதான் என் கேள்வி. பிள்ளைக்கு வேண்டியது பெற்றவர்களா, நாலு பேர் இருக்கும் வீடா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கிழக்குவாசல் (திருவையாறு)
மார்ச் 10, காலை 6.05

அம்மா, மனத்தைத் தளரவிட வேண்டாம். பிள்ளை பாட்டியிடம் ஒட்டிக்கொண்டிருப்பது, அவனுக்கு ஒட்டிக்கொள்ளத் தெரியும் என்பதற்கான அடையாளம். நான் பதினேழு பேர் இருந்த வீட்டில் பிறந்தவன். யார் வயிற்றுப் பிள்ளை யார் இடுப்பில் இருக்கிறது என்பது இரவு படுக்கும்போதுதான் தெரியவரும். பெரியப்பாவிடம் கணக்கும், அத்தையிடம் பாட்டும், கொல்லைக்கட்டில் கிடந்த கொள்ளுப்பாட்டியிடம் கதையும் கற்றோம். அப்பா அடித்தால் ஓடி ஒளிய நான்கு அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் நமக்காகப் பேச ஒருவர் இருந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தனிக்குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் பங்கிட்டுக்கொள்ளத் தெரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அங்கேயே இருக்கட்டும்.


சமையற்கட்டு (கும்பகோணம்)
மார்ச் 10, பிற்பகல் 2.40

மேலே எழுதிய ஐயாவை மறுத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். அதே ஆற்றங்கரையில், ஏறக்குறைய அதே அளவுள்ள வீட்டில் நானும் பிறந்தவள். என் நினைவில் இருக்கும் வீடு மட்டும் வேறு. பதினேழு பேருக்கு மூன்று வேளை சமைத்தவர்கள் என் அம்மாவும் பெரியம்மாவும். அம்மாவின் இடுப்பில் நான் உட்கார்ந்த நினைவே எனக்கு இல்லை. அவர் இடுப்பில் எப்போதும் குடமோ அரிசிக் கூடையோ இருந்தது. எங்களை வளர்த்தது பதினேழு பேர் அல்ல, பதினோரு வயதில் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட என் மூத்த அக்காள். அவளுடைய படிப்பு எங்களுடைய வளர்ப்பாக மாறியது என்பதை அந்த வீட்டில் யாரும் கணக்கில் எழுதவில்லை.

பங்கிட்டுக்கொள்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சம்பாதிக்கும் மகனின் பிள்ளைகளுக்கு இலையில் நெய் முதலில் விழும். வேலையில்லாத சித்தப்பாவின் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே உண்பார்கள். பங்கு என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கூட்டுக்குடும்பம் பிள்ளைகளுக்கு நல்லதா என்று கேட்பதற்கு முன், அந்தக் குடும்பத்தில் எந்தப் பிள்ளைக்கு என்று கேட்க வேண்டும்.


பால்வாடி டீச்சர் (விருதுநகர் மாவட்டம்)
மார்ச் 10, இரவு 9.15

இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊரில் இன்றும் என்னைப் 'பால்வாடி டீச்சர்' என்றுதான் அழைக்கிறார்கள், அதனால் பெயரையும் அப்படியே வைத்துக்கொண்டேன். என் மையத்துக்கு வரும் பிள்ளைகளில் எந்நேரமும் நான்கைந்து பேர், திருப்பூரிலோ கோவையிலோ சென்னையிலோ வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளாக, பாட்டியிடம் வளர்பவர்களாக இருப்பார்கள். ஆகவே சகோதரியின் கேள்வி எனக்குப் பழக்கமானது.

முதலில் 'பாட்டி' என்ற சொல்லைப் பற்றி. நாம் மனத்தில் வைத்திருக்கும் பாட்டி, வெற்றிலை இடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர். என் மையத்துக்குப் பேரனை இழுத்துக்கொண்டு வரும் பாட்டிக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார், மாடு வைத்திருக்கிறார், மகளிர் குழுத் தவணை கட்டுகிறார். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு ஓடும்போது அவர் முகத்தில் இருப்பது, திருப்பூரில் கம்பெனி வண்டியைப் பிடிக்க ஓடும் தாயின் முகத்தில் இருப்பதே. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்பதாலேயே பிள்ளையோடு ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று ஆகிவிடாது. பல வீடுகளில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பது கைப்பேசிதான். சோறு ஊட்ட அதைக் காட்டுகிறார்கள், மூன்று வயதுவரை பேச்சு வராமல் எங்களிடம் வருகிறார்கள். இது தனிக்குடும்பத்திலும் நடக்கிறது, கூட்டுக்குடும்பத்திலும் நடக்கிறது.

எனவே உங்கள் அம்மாவிடமும் உங்களிடமும் நான் கேட்க விரும்புவது ஒன்றே: காலை எழுந்தது முதல் இரவு தூங்கும்வரை அவனோடு முகம் பார்த்துப் பேசுவது யார், எவ்வளவு நேரம்? அதை ஒரு நாள் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. சத்துமாவும் மதியச் சோறும் வாரத்தில் மூன்று முட்டையும் கொடுக்கிறோம், பாட்டும் கதையும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் இரவு எட்டரைவரை நாங்கள் இல்லை. ஒன்றரை ஷிப்டில் அந்த அரை ஷிப்ட் நேரத்துக்குப் பிள்ளை எங்கே இருக்கும் என்பதை யாரும் திட்டமாகப் போடவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. உங்கள் கம்பெனியில் இல்லையா?


நொய்யல்கரை
மார்ச் 11, இரவு 10.45

டீச்சர், எங்கள் கம்பெனியில் காப்பகம் இருக்கிறது. இரண்டு தொட்டில், சுவரில் மிக்கி மவுஸ், ஒரு மர யானை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட் வரும் நாளில் தூசி தட்டித் திறப்பார்கள். பிள்ளை வைத்திருப்பவர்கள் அன்று மட்டும் அழைத்து வரலாம். மறுநாள் அது மீண்டும் துணி ரோல் அடுக்கும் அறையாகிவிடும். நான் சூப்பர்வைசராக இருந்துகொண்டே அதைக் கேட்டதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் சொன்னபடி அம்மாவிடம் கேட்டேன். தோட்டத்து வேலை நாளில் பையன் வரப்பில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பானாம். அம்மா காய் பறித்துக்கொண்டே பேசிக்கொண்டிருப்பாராம். "அவன் பேசாம இருந்தாத்தான் எனக்குப் பயம்" என்றார். கேட்டதும் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் பொறாமை.


காயல்காற்று (காயல்பட்டினம்)
மார்ச் 12, காலை 11.30

சகோதரி எழுதியதைப் படித்ததும் எங்கள் ஊர் அமைப்பைச் சொல்லத் தோன்றியது. எங்கள் ஊரில் பெண் திருமணமாகிப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். பெண்பிள்ளைக்கு வீட்டையோ வீட்டில் ஒரு பகுதியையோ கொடுப்பார்கள். ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழும்பு, பிறகு ஹாங்காங், வளைகுடா என்று தொழிலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வாப்பா பெட்டியோடு வருவார். நான் பன்னிரண்டு வயதுக்குள் வாப்பாவோடு கழித்த நாள்களைக் கூட்டினால் இரண்டு ஆண்டு தேறாது. இருந்தும் நான் விட்டுச் செல்லப்பட்ட பிள்ளை என்று ஒருநாளும் உணர்ந்ததில்லை.

ஏன் என்று யோசித்தால், அந்த வீடு அவர் இல்லாமலிருப்பதை எதிர்பார்த்தே கட்டப்பட்டது. உம்மா அங்கேயே இருந்தார், சாச்சிமார் (சித்திமார்) இருவர் அடுத்தடுத்த வாசலில், ராத்தாமார் (அக்காள்மார்) மாடியில். தெருப்பக்கம் வராமலே பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்குகள் உண்டு. உம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் முடுக்கு வழியாக எனக்குக் கஞ்சி வரும். யாரும் ஊரைவிட்டுப் பிள்ளைக்காக ஓடி வர வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் நடந்தது அப்படியல்ல. பிரிவு யாரும் திட்டமிடாமல் வந்தது, ஆறு மாதம் என்று சொல்லி மூன்று ஆண்டாக நீண்டது. பிள்ளைக்கு அது தெரியாது, ஆனால் பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் குற்றவுணர்வோடு வந்து குற்றவுணர்வோடு போவது தெரியும்.

எங்கள் முடுக்கை நான் புகழ்ந்தே முடித்தால் பொய் சொன்னதாகும். கஞ்சி வந்த வழியிலேதான் சேதியும் போகும். கல்லூரிக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னது அன்று மாலைக்குள் பதினான்கு வீட்டுக்குத் தெரிந்தது. பதினான்கு வீட்டுக்கும் அதில் கருத்து இருந்தது.


மட்டுநகர் வாசி (மட்டக்களப்பு)
மார்ச் 13, இரவு 8.50

காயல்காற்று அவர்கள் சொன்ன வழமை எங்கள் பக்கத்திலும் உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழராயினும் முஸ்லிம்களாயினும், மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே இருத்துவதே முறை. அம்மம்மாவின் வளவுக்குள்ளேயே பெரியம்மா, சின்னம்மா எல்லோருடைய வீடுகளும் இருக்கும். பிள்ளைகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. 2004 கடற்கோளின் பிறகு எங்கள் ஊரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைச் சின்னம்மாமாரே தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டதை நேரில் கண்டிருக்கிறேன்.

ஆனால் என் கதை வேறு. 1980-களில் எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஆண்கள் மட்டுமல்லர்; வீட்டுப் பணிப்பெண்களாகத் தாய்மார் போனார்கள். எனக்கு மூன்று வயதாக இருந்தபோது என் அம்மா குவைத்துக்குப் போனார். கசெட்டில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். அம்மம்மா அதைப் போட்டு, "இதுதான் அம்மாட குரல்" என்பார். நான் அந்த ரேடியோப் பெட்டியைத்தான் அம்மா என்று நினைத்திருந்தேன் என்று வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு ஆறு வயதில் அவர் திரும்பி வந்தார். வீட்டுக்கு ஓடு போட்டார்கள், எனக்குச் சைக்கிள் வந்தது. அம்மா வந்துவிட்டாரே என்று, அம்மம்மா அதே கிழமையில் (வாரத்தில்) வாழைச்சேனையிலிருந்த சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சின்னம்மாவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

அந்தக் கிழமை தொடங்கி ஏறத்தாழ ஓர் ஆண்டு நான் இரவில் படுக்கையை நனைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோடும் கதைக்கவில்லை. அம்மா போனது எனக்கு நினைவில்லை. அம்மம்மா போனதுதான் நினைவிருக்கிறது. நீங்கள் மகனைக் கூட்டிவருவது சரியா பிழையா என்று நான் சொல்லமாட்டேன். கூட்டிவரும் நாளிலேயே உங்கள் அம்மாவை அவனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் இலங்கை அரசாங்கமும் ஒருமுறை கையை வைத்தது. 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகக் கூடாது என்றார்கள். தகப்பன்மாருக்கு அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளைகளின் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். கடனோடு வீட்டில் இருத்தப்பட்ட தாய்க்கு வேலை கொடுக்க எந்த அறிக்கையும் வரவில்லை.


அட்டவணைக்காரன் (சென்னை)
மார்ச் 14, முற்பகல் 10.10

அனுபவங்களுக்கு நடுவே சில ஆய்வுச் செய்திகளை வைக்கிறேன். எண்களைக் கொண்டு யாருடைய கண்ணீரையும் அளப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோர் நகரத்தில், பிள்ளை பாட்டியிடம் என்ற நிலை உலகிலேயே மிகப் பெரிய அளவில் இருப்பது சீனாவில். 2013-இல் அங்குள்ள மகளிர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை, கிராமங்களில் அப்படி விடப்பட்ட பிள்ளைகள் 6.1 கோடி என்றது. 2016-இல் அரசு வெளியிட்ட எண் 90 லட்சம். மூன்று ஆண்டில் ஐந்து கோடிப் பிள்ளைகளின் பெற்றோர் ஊர் திரும்பிவிடவில்லை. கணக்கெடுக்கும் வரையறை மாறியது. பெற்றோரில் ஒருவர் வெளியூரில் இருந்தாலே சேர்த்தது பழைய கணக்கு; இருவரும் இல்லாத, அல்லது ஒருவர் போய் மற்றவரால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இயலாத, பதினாறு வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்தது புதிய கணக்கு. காயல்காற்று அவர்கள் பழைய கணக்கில் 'விடப்பட்ட பிள்ளை', புதிய கணக்கில் இல்லை. அவருடைய அனுபவம் புதிய வரையறையோடு ஒத்துப்போகிறது.

அடுத்து, ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயதுவரை பின்தொடர்ந்தனர். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை எனப் பல இடர்கள் சேர்ந்திருந்த வீடுகளில் பிறந்தவர்கள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கினரிலும் மூன்றில் ஒருவர் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக வளர்ந்தனர். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ அக்கம்பக்கத்தவரோ, விட்டுப்போகாத ஒரு பெரியவரின் துணை.

மூன்றாவது, எதிர்த்திசையிலிருந்து. இஸ்ரேலின் கிப்புட்ஸ் கூட்டுப்பண்ணைகள் பலவற்றில் பிள்ளைகள் பெற்றோரோடு உறங்காமல், பிள்ளைகளுக்கென்று இருந்த பொது வீட்டில் உறங்கினார்கள். பகலில் பழகிய பராமரிப்பாளர். மாலையில் பெற்றோரோடு சில மணி நேரம். இரவில் முறைவைத்து மாறும் காவல் பெண்கள். அப்படி உறங்கிய குழந்தைகளிடம் தாயோடுள்ள பிணைப்பு, இரவில் வீட்டில் உறங்கிய குழந்தைகளிடம் இருந்ததைவிடப் பலவீனமாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. 1990-களின் முடிவுக்குள் அந்த வழக்கமே நின்றுபோனது. பகலில் பலர் வளர்ப்பதால் பிள்ளைக்குக் கேடு வந்ததாகத் தெரியவில்லை. இரவில் விழித்து அழும்போது யார் வருவார் என்று தெரியாததே சிக்கல் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் பெற்றோர் இதைச் சற்று ஆறுதலோடே படிக்கலாம்.

நம் ஊருக்கான எண் ஒன்றும் உண்டு. 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறக்குறைய நான்கு பிள்ளைகள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் 1.8. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த இருவரின் மகனுக்குச் சித்தியும் இல்லை, மாமனும் இல்லை. கூட்டுக்குடும்பம் நல்லதா கெட்டதா என்று நாம் வாதிட்டு முடிப்பதற்குள், அதை நடத்தத் தேவையான ஆள்கள் பிறக்காமலே போய்விட்டார்கள்.


கிழக்குவாசல்
மார்ச் 14, மாலை 5.30

ஹவாயையும் இஸ்ரேலையும் வைத்து நம் பிள்ளைகளை அளக்க வேண்டுமா? மடியில் உட்கார்த்திக் காது குத்தும் தாய்மாமனுக்கு அந்த ஆய்வுகளில் எந்தக் கட்டம்?


அட்டவணைக்காரன்
மார்ச் 14, மாலை 6.15

'விட்டுப்போகாத ஒரு பெரியவர்' என்ற கட்டம், ஐயா. காது குத்திய பிறகும் வந்துபோய்க்கொண்டிருந்தால்.


கருவேலங்காட்டான் (அவிநாசி)
மார்ச் 15, இரவு 11.05

'ஊர் சேர்ந்து பிள்ளையை வளர்க்கும்' என்று இங்கே பலரும் எழுதுகிறீர்கள். எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கிராமத்தில் ஊர் என்பது ஒரு பக்கம், நாங்கள் இருப்பது காலனி. ஊர்க்காரர்கள் என் தம்பியை நல்ல முறையில் வளர்க்கத்தான் செய்தார்கள்: எந்தக் கடையில் எங்கே நிற்க வேண்டும், எந்தத் திண்ணையில் உட்காரக் கூடாது, யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதை ஆறு வயதுக்குள் கற்றுக்கொண்டான். பாடம் நடத்தியவர்களில் ஒருவர்கூடக் குரலை உயர்த்தியதில்லை.

2018-இல் எங்கள் வட்டாரத்திலேயே ஓர் அரசுப் பள்ளியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் திரண்டு நின்றதும், அவரை மாற்றிய அதிகாரிகள் எதிர்ப்பு எழுந்தபின் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றதும் செய்தியாக வந்தன. அந்தப் பெற்றோர்களும் தங்கள் பிள்ளைகளின் நன்மைக்காகவே நின்றதாக நம்பியிருப்பார்கள். அன்று அந்தப் பிள்ளைகள் படித்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான் இப்போது நகரத்தில், பத்து வீடு உள்ள ஒரு லைனில் குடியிருக்கிறேன். ஒரே குழாய், இரண்டு கழிப்பறை. எதிர்வீட்டில் ஒடியாக்காரர்கள், பக்கத்தில் தேனிக்காரர்கள், கடைசி வீட்டில் பீகார்ப் பையன்கள் ஆறு பேர். என் மகள் எந்த வீட்டில் சோறு தின்றாள் என்று சில இரவுகளில் எனக்கே தெரியாது. ஒடியாக்கார அம்மா அவளுக்குத் தலை பின்னிவிடுகிறார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. எங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "இங்க யாரும் நம்மள யாருன்னு கேக்கலையா?" என்றார். கேட்கவில்லை. லைன் வீட்டில் பிள்ளை தனியாக வளரும் என்று சகோதரி அஞ்ச வேண்டாம்; குழாயடி இருக்கும்வரை தனிமை இல்லை. சத்தமும் சண்டையும் உண்டு, அது வேறு.


ஒற்றைச்சிறகு (மதுரை)
மார்ச் 16, மதியம் 1.20

கணவரைப் பிரிந்து ஒன்பது ஆண்டுகளாக மகளோடு தனியே வாழ்கிறேன். எங்கள் வீட்டுக்குள் எந்தக் குறையும் இல்லை. குறை வாசலுக்கு வெளியேதான் தொடங்கும். "அப்பா எங்கே?" என்று அவளிடம் கேட்டவர்கள் எல்லோரும் அவள்மேல் அன்புள்ளவர்கள். ஏழாம் வயதில் அவளே ஒரு விடை தயாரித்து வைத்துக்கொண்டாள்: "அப்பா துபாய்ல." காயல்காற்று அவர்களின் பதிவைப் படித்தபோது அது நினைவுக்கு வந்தது. தகப்பன் துபாயில் இருந்தால் ஊருக்கு அது குடும்பம். தகப்பன் விலகிப்போனால் உடைந்த குடும்பம். பிள்ளை இரண்டிலும் அதே தாயோடு அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறது.


அறுபதைத் தொட்டவள் (பழனி)
மார்ச் 18, காலை 5.40

பேத்தி சொல்லிக்கொடுத்துக் கைப்பேசியில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும். எல்லோரும் பேசினீர்கள், பாட்டியைக் கேட்கவில்லை.

மகள் பிள்ளையைப் பத்து மாதக் குழந்தையாக வாங்கி ஐந்து வயதுவரை வளர்த்தேன். முழங்கால் வலியோடு அவன் பின்னால் ஓடினேன். காய்ச்சல் வந்தால், ஊரான் பிள்ளைக்கு வந்ததுபோல இரண்டு பங்கு பயம். ஏதாவது ஆகிவிட்டால் மகளுக்கும் மருமகனுக்கும் நான் பதில் சொல்ல வேண்டுமே. அடிக்கவும் முடியாது, கொஞ்சாமல் இருக்கவும் முடியாது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று பிறகு மகளே சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, மதியச் சோறு தின்றுவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவன் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதை மூன்று நாள் எடுக்கவில்லை.

அம்மாவிடம் போனில் கேட்காதே தாயி. நேரில் போய் இரண்டு நாள் இருந்து கேள். முடியும் என்றுதான் போனில் சொல்லுவாள்.


நொய்யல்கரை
மே 21, இரவு 9.30

இரண்டு மாதம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். பாட்டி எழுதியதைப் படித்த வாரமே இரண்டு நாள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போனேன். அம்மா முதலில் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் இரவு, பையன் தூங்கிய பிறகு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, இந்த ஆண்டு வலது கையை மேலே தூக்க முடியவில்லை, அவனைக் கிணற்றுப் பக்கம் தனியே விடப் பயமாக இருக்கிறது என்றார். "உன்னைக் கூப்பிட்டுச் சொன்னா வேலைய விட்டுட்டு வந்துருவியோன்னுதான்" என்றார்.

மட்டுநகர் அண்ணன் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டோம். மே முதல் வாரத்தில் பையனையும் அம்மாவையும் சேர்த்தே இங்கே அழைத்து வந்தோம். முதல் நான்கு இரவு அவன் அம்மாவின் பக்கத்தில்தான் படுத்தான். ஐந்தாம் இரவு நடுவில் படுத்தான். நான் குளிக்க வைத்தால் தண்ணீர் சுடுகிறது என்று அழுகிறான், அதே தண்ணீரை அம்மா ஊற்றினால் சுடுவதில்லை. இப்போது சொம்பை இருவரும் பிடித்துக்கொள்கிறோம். லைனில் மூன்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். கருவேலங்காட்டார் சொன்னதுபோல் குழாயடிதான் அவனுக்கு நாள் முழுவதும்.

கணவர் ஒற்றை ஷிப்ட் கேட்டு மாறிவிட்டார். சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த அரை ஷிப்ட் நன்றாகவே தெரிகிறது. சீட்டு ஒன்றை நிறுத்திவிட்டோம். மாலை ஐந்தரைக்கு அவர் வந்துவிடுவார், நான் எட்டரைக்கு. முதலில் 'அப்பாவா சோறு ஊட்டுவது' என்று லைனில் சிரித்தார்கள். இப்போது தேனிக்காரர் வீட்டுப் பிள்ளையும் அவரிடம் வாய் திறக்கிறது. காப்பக அறையைப் பற்றி ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், என்னோடு பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதில் இல்லை.

என்னை இப்போது 'அம்மா' என்கிறான். என் அம்மாவையும் அப்படியே. யாரையாவது கூப்பிட்டால் நாங்கள் இருவரும் திரும்புகிறோம். அம்மா எப்போது ஊருக்குத் திரும்புவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. தம்பி மாட்டைப் பார்த்துக்கொள்கிறான், ஆனால் சினையாக இருக்கிறது, ஜூன் நடுவில் கன்று போடும். அதற்கு அம்மா அங்கே இருந்தாக வேண்டும். பள்ளியும் அதே வாரத்தில்தான்.


பால்வாடி டீச்சர்
மே 22, காலை 7.00

பள்ளி தொடங்கிய வாரத்திலேயே பாட்டி கிளம்ப வேண்டாம், சகோதரி. முடிந்தால் பள்ளிக்கு முன்பே இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பி வரட்டும். அவர் போனால் திரும்பி வருவார் என்பதைப் பையன் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். கன்று போட்டதும் அவனையும் ஒரு சனி ஞாயிறு அழைத்துச் சென்று காட்டுங்கள். வரும்போது அவனுடைய தடுப்பூசி அட்டையை ஊர் அங்கன்வாடியிலிருந்து வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். ஐந்து வயது ஊசி பாக்கி இருக்கும்.